சின்னானுக்கும் சுடர்விழிக்கும் சளி

1

இந்தக் கதை என் மகளின் மூக்கிலிருந்து பிறந்தது. கதைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் நான். மனத்தின் ஆழத்திலிருந்து, சமூகத்தின் காயத்திலிருந்து என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இது மூக்கிலிருந்துதான் வந்தது. இடது மூக்கு. வலது அப்போது அடைத்திருந்தது.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை சுடர்விழிக்குச் சளி பிடித்தது. அவளுக்கு ஐந்து வயது, யூ.கே.ஜி. நானும் என் கணவர் ஆத்மநாதனும் வேலைக்குப் போகிறவர்கள். இந்த மூன்று வாக்கியங்களைப் படித்தவுடனே உங்களில் பாதிப் பேர் கதை முழுவதையும் ஊகித்திருப்பீர்கள். மீதிப் பாதிக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆனால் இதில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வருகிறது. அதை ஊகித்திருக்க மாட்டீர்கள். (ஒளித்துவைத்து ஐந்தாம் பகுதியில் அவிழ்த்துவிடுவதாகத்தான் திட்டம். வாய் நிற்கவில்லை. மன்னிக்கவும்.)

2

முதல் தொடக்கம்:

"விடியலின் மெல்லிய குளிரில் அந்தக் குழந்தையின் இருமல் ஒரு சிறு பறவையின் சிறகடிப்பைப் போல"

போதும். சுடர்விழியின் இருமல் தண்ணீர் இல்லாத போர்வெல்லில் மோட்டார் ஓடுவதுபோல இருக்கும். பக்கத்து வீட்டில் கேட்கும்.

இரண்டாம் தொடக்கம்:

"ஆத்மநாதன் பொறுப்பில்லாத தகப்பன்."

இதை எழுதிவிட்டுத் திருப்தியாகப் பேனாவை மூடினேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமல்லவா? அவர் பின்னால் நின்று படித்திருக்கிறார். கோபப்படவில்லை. புதன்கிழமை யார் லீவு போட்டது என்று மட்டும் கேட்டார். அவர்தான். வியாழன் நான். வெள்ளி காலை அவர், மதியம் நான். பன்னிரண்டரை மணிக்குப் புதுக்கோட்டை பேருந்து நிலைய வாசலில், தொடர் ஓட்டக்காரர்கள் குச்சியைக் கைமாற்றுவதுபோலப் பிள்ளையைக் கைமாற்றிக்கொண்டோம். அவர் மோட்டார் பைக்கிலிருந்து இறங்கவே இல்லை. நான் பஸ்ஸிலிருந்து சரியாக இறங்கியிருக்கவில்லை. சுடர்விழி நடுவில் ஒருமுறை தும்மினாள்.

ஆகவே அந்த வாக்கியம் பொய். அழித்துவிட்டேன். நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டும் வைத்திருக்கிறேன்.

3

சிக்கல் சனிக்கிழமையில் இருந்தது.

என் கணவர் கால்நடை மருத்துவர். எங்கள் மாவட்டத்தில் தை பிறந்தால் அவருக்கு வாரத்துக்கு ஒரு ஜல்லிக்கட்டு உண்டு. வாடிவாசலுக்குப் போகும் ஒவ்வொரு மாட்டையும் நிறுத்தி, காய்ச்சல் இருக்கிறதா, கண்ணில் எதையாவது தடவியிருக்கிறார்களா, வாயில் சாராய நெடி அடிக்கிறதா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அந்தச் சனிக்கிழமை அறுநூறு மாடு, நான்கு மருத்துவர்கள். ஒருவர் குறைந்தாலும் வரிசை அடுத்த ஊருக்குப் போய்விடும். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். எழுதினால் விழாக் கமிட்டியின் பெயர்களை எல்லாம் போடவேண்டும், ஒரு பெயர் விட்டுப்போனாலும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

எனக்கு அன்றைக்குக் கல்லூரியில் தரமதிப்பீட்டுக் குழு வருகை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து, கல்லூரிக்கு மார்க் போட்டுவிட்டுப் போகிறவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் மட்டும் லீவு கேட்கலாம், அதற்கும் சான்றிதழ் வேண்டும் என்று முதல்வர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வரவேற்பில் பன்னீர்ச்செம்பு என் பொறுப்பு. எட்டு ஆண்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் பின் என்னிடம் நம்பிக் கொடுக்கப்பட்ட பொருள் அது.

எங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் வெளியூர். பக்கத்து வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். குழந்தை மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். சாதாரண வைரஸ் சளி, காய்ச்சல் வந்தால் சிரப், நிறைய வெந்நீர், நல்ல ஓய்வு. ஓய்வு என்ற சொல்லைச் சொல்லும்போது அவரே எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

வெள்ளி இரவுச் சாப்பாட்டின்போது பேச்சுவார்த்தை நடந்தது. அவருடைய மாடுகள் ஒருநாள் காத்திருக்காதா என்று கேட்டேன். என்னுடைய குழு ஒருநாள் காத்திருக்காதா என்று அவர் கேட்டார். கல்லூரிக்குக் கூட்டிப்போகலாம் என்றால், குழு கண்ணில் தூசி கூடப் படக்கூடாது என்று உத்தரவு, மூக்கு ஒழுகும் பிள்ளை எப்படிப் படலாம்? ஜல்லிக்கட்டுத் திடலிலோ பந்தல் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, மனித மருத்துவர்கள் கூட இருக்கிறார்கள். அறுநூறு காளைகள் நிற்கும் இடம்தான் எங்கள் மகளுக்குப் பாதுகாப்பான இடம் என்று, முதுகலைக்கு மேல் படித்த இரண்டு பேர், ரசம் சாதம் ஆறுவதற்குள் முடிவு செய்தோம்.

(இந்த இடத்தில் உங்களுக்கு எங்கள் மேல் ஒரு கருத்து உருவாகியிருக்கும். அதை ஐந்தாம் பகுதிவரை கையில் வைத்திருங்கள்.)

4

பையை நான்தான் கட்டினேன். பிளாஸ்க்கில் வெந்நீர். ஏழு கைக்குட்டைகள். மங்கிக் குல்லா. காய்ச்சல் சிரப் பாட்டிலின் மேல் ஒரு தாளை ஒட்டிப் பெரிய எழுத்தில் எழுதினேன்: எட்டு மணி, ஐந்து மில்லி, துப்புவாள்.

துப்புவாள் என்பதை விளக்கவேண்டும். சுடர்விழி பிறந்ததிலிருந்து எந்த மருந்தையும் தானாக விழுங்கியதில்லை. ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பிடிக்க, ஊற்றிய மருந்து மூன்று விநாடி கழித்துச் சுவரில் இருக்கும். ஒருமுறை மருத்துவர் எழுதிய சீட்டின் மேலேயே துப்பி, அடுத்து வாங்கவேண்டிய மருந்தின் பெயரை அழித்தாள். எங்கள் வீட்டுச் சுவர்களில் ஆரஞ்சுச் சுவை, ஸ்ட்ராபெர்ரிச் சுவை என்று பகுதிகள் உண்டு.

விடிகாலையில் அவளை முன்னால் உட்காரவைத்து, என் சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கணவர் பைக்கில் கிளம்பினார். பின்பக்கமிருந்து பார்த்தால் அவர் மட்டும்தான் தெரிந்தார். முன்பக்கமிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு தலை தெரிந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு நல்ல எழுத்தாளர் அதை உங்களிடம் மறைப்பார். நான் மூன்று பேர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். கணவர் சொன்னது சுருக்கம். சுடர்விழி சொன்னது நீளம், அதில் ஒரு டைனோசரும் வந்தது, எடுத்துவிட்டேன். மூன்றாமவர் முனியாயி.

5

பந்தலில் கணவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுடர்விழியை உட்காரவைத்திருந்தார்கள். மாடு வரும், அவர் பார்ப்பார், அடுத்த மாடு வரும். அவள் தும்மும்போதெல்லாம் மாட்டுக்காரர்கள் "நூறு" என்றார்கள். எங்கள் பக்கம் பிள்ளை தும்மினால் நூறு வயது வாழட்டும் என்று பக்கத்திலிருப்பவர் சொல்லவேண்டும். வரிசையில் நின்றவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், ஒரு தும்மலுக்குப் பத்துப் பேராவது சொன்னார்கள். ஏழு மணிக்குள் என் மகளுக்கு நாற்பதாயிரம் வருடத்துக்கு மேல் ஆயுள் சேர்ந்துவிட்டது.

ஏழே முக்காலுக்கு முனியாயி வந்தார். வல்லத்திராக்கோட்டைப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. கையில் பிடித்திருந்த சாம்பல் நிற மயிலைக் காளை அவரைப்போல ஆறு பங்கு. அதன் பெயர் சின்னான்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தனியாகக் காளை வளர்க்கும் பெண், அதற்கு நேர்மாறாக ஒரு பெயர். கதைக்காகச் செய்ததுபோல இருக்கிறதே என்று இவரை ஓர் ஆணாக மாற்றி, காளைக்கு வீரமான பெயர் வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்த ஆள் வாயைத் திறந்ததும் முனியாயி மாதிரியே பேசினான். விட்டுவிட்டேன். மறுநாள் நேரிலேயே போய் ஏன் இந்தப் பெயர் என்று அவரிடம் கேட்டேன். வாங்கும்போது சின்னதாகத்தான் இருந்தது என்றார்.)

கூலி வேலைக்குப் போய், சின்னானுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் வாங்கிப்போட்டு, ஊரணியில் நீச்சல் பழக்கி, மூன்று வருடம் வளர்த்திருக்கிறார். முதல் முறையாக அவர் பெயரில் டோக்கன் கிடைத்திருந்தது. பொம்பளை வளர்த்த மாடு வாடிவாசலில் படுத்துத் தூங்கும் என்று ஊரில் சிலர் சொல்லியிருந்தார்கள். முனியாயியின் கணவர் அழகுமலைக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. சின்னான் இறங்குவதை யூடியூப் நேரலையில் பார்க்க அவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமைக்கு லீவு கிடைத்த ஒரே ஆள் இந்தக் கதையில் அவர்தான். சிங்கப்பூரில் இருந்தும் கிடைத்திருக்கிறது.

என் கணவர் சின்னானைப் பார்த்தார். மூக்கில் சளி. கண் கலங்கியிருந்தது. காய்ச்சல் பார்த்தால் நூற்று நான்கு. மாட்டுக்கு நூற்று ஒன்றரைவரை சாதாரணம், நூற்று நான்கு அப்படியல்ல. அந்தச் சூட்டோடு ஓடவிட்டால் மூச்சு வாங்கி விழுந்துகூடப் போகலாம். இறக்க முடியாதும்மா, வீட்டுக்குக் கொண்டுபோய் ஓய்வு கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

முனியாயி சின்னானின் மூக்கை முந்தானையால் துடைத்தார். பிறகு நாற்காலியில் இருந்த என் மகளைப் பார்த்தார். அவள் மூக்கும் அதே நிலையில்தான் இருந்தது.

"ஒங்க புள்ளைக்கும் மூக்கு ஒழுகுது. அதத் தூக்கியாந்து வச்சுக்கிட்டு வேலை பாக்குறீங்க. எம்புள்ளைக்கு ஒழுகுனா மட்டும் வீட்டுக்குப் போகணுமாங்க?"

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் முதல் இருபது மாட்டுக்காரர்களுக்குக் கேட்டது. அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

6

அதற்கு என் கணவர் என்ன பதில் சொன்னார்? கதையின் மையம் இது. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

கணவர் சொல்வது: விதிமுறையைப் பொறுமையாக விளக்கினேன்.

முனியாயி சொல்வது: "ஒண்ணுமே சொல்லலங்க. அவர் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. கேட்டிருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்."

சுடர்விழி சொல்வது: அப்பா தும்மினார்.

நான் இரண்டு நாளாகத் தாட்சண்யம் பார்க்காமல் விசாரித்ததில் மூன்றும் உண்மை என்று தெரிகிறது. அவர் வாயைத் திறந்தார். விதிமுறை என்று தொடங்கினார். கண்ணில் நீர் நிறைந்தது. அதன்பின் பந்தல் அதிரத் தும்மினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும், கேள்வி கேட்ட முனியாயி உட்பட, ஒரே குரலில் "நூறு" என்றார்கள். சின்னான் மட்டும் பின்வாங்கியது.

அந்தக் கண்ணீர் சளியால் வந்ததா, கேள்வியால் வந்ததா? நான் அவரைக் கேட்டேன். சளி என்றார். கேட்காத கேள்விக்கும் சேர்த்து இரண்டு முறை சளி, சளி என்றார்.

(மனைவியாக எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. எழுத்தாளராக அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.)

அவர் சீட்டில் தகுதியில்லை என்று எழுதினார். கமிட்டியில் ஒருவர் வந்து, பாவம் பொம்பளை, ஒரு கையெழுத்துதானே என்றதற்கும் மறுத்தார். சின்னானுக்கு அங்கேயே ஓர் ஊசி போட்டு, இரண்டு நாளைக்கு மாத்திரை கொடுத்து, ஞாயிறும் திங்களும் வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறேன் என்று முகவரி வாங்கிக்கொண்டார். முனியாயி காளையைப் பிடித்துக்கொண்டு, வண்டிகள் நிற்கும் பொட்டலுக்குப் போனார். சிங்கப்பூருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்தபடியே நடந்ததாகச் சொன்னார்.

பதினைந்து மாடு கழித்து என் கணவர் திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் சால்வை மட்டும் இருந்தது.

7

இந்தப் பகுதி முதல் வரைவில் இல்லை. நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொல்லித் தப்பித்திருந்தேன். ஆனால் காதால் நான் அங்கே இருந்தேன்.

எட்டே கால் மணி. கல்லூரி வாசலில் கோலம், குத்துவிளக்கு, வாழைமரம். நான் பட்டுப்புடவையில் பன்னீர்ச்செம்போடு நிற்கிறேன். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு என் துறைத் தோழி மணிமேகலை. அவளுடைய அண்ணன் மாடு அன்றைக்கு இறங்குவதால், கோப்புக்குள் போனை வைத்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வர்ணனை லேசாகக் கேட்டது. ஆவூர்க்காரர் மரியசெல்வம்தான் மைக்கில். வார நாட்களில் உடற்கல்வி ஆசிரியர், வார இறுதியில் எங்கள் மாவட்டத்தின் குரல். வெள்ளை மாடு, தொட்டுப் பாரு, பிடிச்சா ஒரு பீரோ, பிடிக்கலைன்னா மாட்டுக்குப் பீரோ என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நடையை மாற்றினார்.

"டாக்டர் ஐயா மகள் சுடர்விழி, வயசு அஞ்சு, மங்கிக் குல்லா போட்டிருக்கும், சளி பிடிச்சிருக்கும். பாத்தவுங்க உடனே மேடைக்குக் கூட்டியாங்க. மாட்டுக்காரங்க எல்லாரும் கயித்த இறுக்கிப் பிடிங்க."

மணிமேகலை என்னைப் பார்த்தாள். நான்

அறுநூறு மாடு

அவள் பையில் சிரப் பாட்டில் மேல் நான் எழுதி ஒட்டிய தாளில் என் போன் நம்பரை எழுதியிருக்கலாம். எட்டு மணி, ஐந்து மில்லி, துப்புவாள் என்று எழுதத் தெரிந்த எனக்கு

இந்தப் பத்தி இப்படியேதான் இருக்கும். நான்கு முறை முயன்றேன்.

ஓடினேன். முதல்வர் பின்னாலிருந்து மேடம், மேடம் என்றார். மணிமேகலை போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தாள். ஆட்டோ கிடைக்காவிட்டால் நடந்தே போய்விடுவது என்று இருந்தேன், இருபத்திரண்டு கிலோமீட்டர். நுழைவாயிலில் குழுவின் கார் உள்ளே வந்தது, நான் வெளியே போனேன். கண்ணாடியை இறக்கி ஒரு பெரியவர் புன்னகையோடு கைகூப்பினார். அப்போதுதான் கையில் பன்னீர்ச்செம்பு இன்னும் இருப்பதை உணர்ந்தேன். நிற்க முடியவில்லை. ஓடிய வேகத்தில் அவர் மேல் பாதியும் ஓட்டுநர் மேல் பாதியுமாகத் தெளித்துவிட்டுச் சாலைக்கு வந்தேன்.

(வரவேற்பு உணர்ச்சிபூர்வமாக இருந்தது என்று குழு பிறகு குறிப்பிட்டதாக முதல்வர் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.)

மைக் மறுபடி பேசியது. மாடு அவிழ்ப்பது நிறுத்தப்பட்டது என்றது. பிறகு மரியசெல்வம், பழக்க தோஷம், அந்த மைக்கில் பரிசு இல்லாமல் அவர் எதையுமே அறிவித்ததில்லை, சொல்லிவிட்டார்: பாப்பாவைக் கூட்டிவருகிறவர்களுக்கு விழாக் கமிட்டி சார்பில் ஓர் அண்டா.

8

சுடர்விழி எங்கே போனாள் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நமக்கு மட்டும்தான் தெரியும். அங்கே யாருக்கும் தெரியாது.

தன்னைப்போலவே மூக்கு ஒழுகிய ஒரே ஆள் சின்னான்தான் என்பதால் அவள் அதன் பின்னாலேயே போயிருக்கிறாள். பொட்டலில், மாட்டை ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்குப் பின்னால் முனியாயி மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் மங்கிக் குல்லா. உடனே தூக்கிக்கொண்டு பந்தலுக்குக் கிளம்பியிருக்கிறார். பிள்ளை கத்தியிருக்கிறது. சின்னான் மருந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

முனியாயி உருண்டையைக் கொடுத்தார். சின்னான் நாக்கை நீட்டி வாங்கி, மென்று, விழுங்கியது.

"துப்பல" என்றாள் சுடர்விழி.

"ஏன் துப்பணும்? காச்சல் போகணும்ல" என்றார் முனியாயி.

சுடர்விழி கொஞ்சம் யோசித்தாள். தோளில் இருந்த பையைக் கழற்றி, சிரப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். முனியாயியின் மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், மில்லிக் கணக்கு அவள் சொல்லித்தந்தது. தாளில் எழுதியிருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, மூடியில் ஐந்து மில்லிக் கோடுவரை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். துப்புவாள் என்பதையும் படித்து, ஒரு கையை முன்னால் ஏந்தித் தயாராக வைத்திருக்கிறார்.

ஏந்திய கையில் ஒன்றும் விழவில்லை.

ஐந்து வருடம். நான்கு சுவை. இரண்டு பட்டதாரிகள். (பொறாமையைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகாகவே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அப்போதுதான் அவர் காதில் மைக் விழுந்தது. இதற்கெல்லாம் சேர்த்து ஆறு ஏழு நிமிடம்தான் ஆகியிருக்கும். முனியாயி ஒரு கையில் சின்னானின் கயிறு, இடுப்பில் சுடர்விழி என்று திடலுக்குள் நடந்து வந்தார். காளையைக் கட்டிவிட்டு வர நேரமில்லை என்று நினைத்தாராம். கூட்டம் தானாக விலகியது. என் கணவர் எதிரே ஓடிவந்தார். பிள்ளையை வாங்கினார். அவர் முகத்தைப் பற்றி முனியாயி எதுவும் சொல்லவில்லை, தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

மணிமேகலையின் போனில் ஆரவாரம் கேட்டது. சாலையோரத்தில் ஒரு மைல்கல் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

மரியசெல்வம் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அண்டாவை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார். முனியாயி முதலில் வேண்டாமென்றார். பிள்ளையைக் கூட்டிவந்து கொடுக்கக் கூலியா என்றார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி, மைக்குக்குக் கேட்கும்படி ஒன்று சொன்னார்.

"எனக்குன்னா வேணாங்க. மாட்டுப் பேரச் சொல்லிக் குடுக்கிறதா இருந்தா வாங்கிக்கிறேன்."

மரியசெல்வம் ஒரு நொடி யோசித்தார். பிறகு குரலை முழுதாகத் திறந்தார்.

"வல்லத்திராக்கோட்டை அழகுமலை முனியாயி சின்னான் மாடு! அவுக்கவே இல்ல, அண்டா வாங்கிருச்சு!"

சிங்கப்பூரில் ஒரு தொழிலாளர் விடுதியில், தன் மாடு தகுதியிழந்தது இன்னும் தெரியாத ஒருவர், பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். கொட்டுச் சத்தம், அண்டா, கூட்டம். நானும் முடித்துப் பார்த்தேன். ஆனால் சளி இன்னும் போகவில்லையே.

9

முடிவுகள்.

முதல் முடிவில் நான் ஒரு பாடம் சொல்கிறேன். வேலைக்குப் போகும் பெற்றோர், தனித்துப்போன குடும்பங்கள், விடுப்பு விதிகள் என்று இரண்டு பக்கம். படித்துப் பார்த்தேன். குழுவுக்குக் கொடுத்த அறிக்கை மாதிரி இருந்தது, பின்னிணைப்பு மட்டும்தான் குறை.

இரண்டாவது முடிவில் நானும் கணவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிச் சண்டை போடுகிறோம். இதற்கு முயன்றோம், நிஜமாகவே. சனிக்கிழமை மாலை அவர் தொடங்கினார், தும்மினார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன், எனக்கும் வந்தது. ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. சுடர்விழி நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் நூறு சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டைக்குக் குறைந்தபட்சம் ஒரு மூக்காவது திறந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, நடந்துகொண்டிருப்பது. இதை நான் எழுதுவது திங்கள் காலை, அடுப்படி மேடையில். மணி ஏழு இருபது. எனக்குச் சளி, அவருக்குச் சளி, சுடர்விழிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மூக்கு மட்டும் ஓடுகிறது. சளி உள்ள பிள்ளைகளை அனுப்பவேண்டாம் என்று பள்ளி வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. எனக்கு இன்று முதல்வரைப் பார்த்துச் சனிக்கிழமைக்கு விளக்கம் சொல்லவேண்டும். அவருக்கு மருந்தகத்தில் தடுப்பூசி முகாம், இருநூறு ஆடு. அவர் கையில் பைக் சாவி. என் தோளில் பை. இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்கிறோம், பிறகு ஒருவரையொருவர் பார்க்கிறோம்.

போன் அடிக்கிறது. முனியாயி. கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டருங்களா? சின்னான் நல்லா தீனி எடுக்கிறான். மூணாவது ஊசிக்கு இங்கிட்டு வாரீங்கள்ல? வரும்போது புள்ளையையும் கூட்டியாந்து விட்டுட்டுப் போங்க. நான் இன்னைக்கு வேலைக்குப் போகல, இவனுக்காக நின்னுட்டேன். ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துக்கிறேன், ஒண்ணும் கஷ்டமில்ல."

யோசித்துச் சொல்கிறோம் என்று கணவர் வைத்துவிட்டார்.

யோசிக்கிறோம். அவரை எங்களுக்கு இரண்டே நாள் பழக்கம். நேற்று நான் போனபோது சுக்கு மல்லிக் காப்பி கொடுத்தார், அந்த வீட்டில் கொசுவலை இருந்தது, கிணற்றுக்கு மூடி இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், என்னையறியாமல். கூட இருக்கப்போகும் இன்னொரு நோயாளிக்குக் கொம்பு இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் என் மகள் மருந்தைத் துப்பாத ஒரே இடம் அது. அனுப்பினால் நாளை என் அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் முனியாயி என்ன நினைப்பார் என்றும் தெரியும், ஏனென்றால் அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும்.

கணவர் நீ சொல் என்கிறார். நான் நீங்கள் சொல்லுங்கள் என்கிறேன். இந்தக் கதை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவுகளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆகவே இதை எங்களிடம் விடுவது நியாயமில்லை.

சுடர்விழி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு வெல்லக்கட்டி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அனுப்பவா, வேண்டாமா? சட்டென்று சொல்லுங்கள். என் பஸ் ஏழு ஐம்பதுக்கு.